பௌசியா பட்டன்

போன வாரம் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மேசையைத் துடைக்காமல் போய்விட்டார்கள். நானே துடைத்துவிட்டு உட்கார்ந்து, எங்கள் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வழக்கம்போல் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு எஃப் எழுத்தைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன், அழுத்தினால் கேட்கும் என்பது போல. திரையின் மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்து, மேக்ரோ முடக்கப்பட்டிருக்கிறது என்றது.

கம்ப்யூட்டர் கொடுத்த சேலத்துக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து மவுஸை இங்குமங்கும் ஓட்டிப் பார்த்தாள்.

“மேடம், இது நொம்பப் பழைய மேக்ரோ லாங்குவேஜுங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இத விட்டுட்டு வேறதுக்குப் போயிட்டாங்க. இப்ப சுத்தமா மூடியே வெச்சுட்டாங்க. இத யாருங்க மேடம் எழுதுனது?”

“பௌசியான்னு ஒருத்தி.”

“சூப்பரா எழுதியிருக்காங்க மேடம்.”

பார்த்தீர்களா? செத்துப்போன மேக்ரோவுக்கும் பாராட்டு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதை ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். நீங்கள் நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள் மேடம் என்று ஒரு வார்த்தை வந்ததா? வரவில்லை. போனை வைத்த பிறகும் வயிறு எரிந்தது. இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று கேட்பீர்கள். தேவையில்லைதான். ஆனாலும் எரிந்தது.

அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பீரோவுக்குள் எரிந்த பல்பு ஞாபகம் வந்தது. ஏற்காட்டில் மழைக்காலம் வந்தால் எதுவும் காயாது. துணி காயாது, சுவர் காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும். ஆபீசில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வருடம், ஃபிளாப்பிகளில் எல்லாம் பூஞ்சணம் பூத்துவிட்டது. காப்பித் தோட்டங்களில் கணக்கு எழுதுபவரை ரைட்டர் என்போம். எங்கள் ஆபீசின் பெரிய ரைட்டர் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அணைக்காமல் எரியவிட்டார். கதவைத் திறந்தால் மஞ்சள் வெளிச்சமும், சூடேறிய காகித வாசனையும் முகத்தில் அடிக்கும். மார்கழிக் குளிரில் நானும் பௌசியாவும் அதற்குள் கையை நீட்டிக் காய்ச்சிக்கொள்வோம். அவள் கையில் கண்ணாடி வளையல். பல்பில் இடித்தால் கிணுங்கும். என்னுடையது பிளாஸ்டிக். இடித்தால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சேலத்தில் ஒரே சென்டரில் கம்ப்யூட்டர் படித்தவர்கள்கூட. அவளுடைய அத்தாவுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குடையும் கம்பளியும் விற்கிற கடை. வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். வரும்போது பவுடர் கலையாமல் இருக்கும். நான் மாரமங்கலத்துக்கும் அந்தப் பக்கம். எங்களுக்குக் கொஞ்சம் சாமைக்காடு, சவுக்கு மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, நாலு ஆரஞ்சு மரம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கும்போது தலைமுடியெல்லாம் பனி கோத்து, நரைத்த கிழவி மாதிரி இருப்பேன். “தலையத் தொவட்டிக்க புள்ள” என்று துண்டை நீட்டுவாள். அன்பாகத்தான் நீட்டுவாள். எனக்கு அந்தத் துண்டைப் பிடுங்கி எறியத் தோன்றும்.

“ரெண்டு பேரும் இப்போதைக்கு டெம்பரவரிதான். சீசன் முடியட்டும், பாக்கலாம்” என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இந்தப் பாக்கலாமில்தான் என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. வேலை நிலைக்காவிட்டால் அத்தை மகனுக்குக் கட்டி வைப்பது என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. அத்தை மகன் நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அவனைவிடக் கம்ப்யூட்டர் பிடித்திருந்தது.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. எங்கள் எஸ்டேட்டுக்கு ஐந்து டிவிஷன். ஏற்காட்டிலிருந்து கிளம்பினால் கொட்டச்சேட்டுப் பக்கம் முதலில் வருவது ஓடைக்காடு. நட்டநடுவில் பலாக்காடு. கடைசியில், எங்கள் ஊர்ப் பக்கம், பாறைக்காடு. இடையில் இன்னும் இரண்டு. முந்தின நாள் எந்த டிவிஷனில் எவ்வளவு காப்பிப் பழம் பறித்திருக்கிறது என்ற சீட்டை, நான் வரும் முதல் பஸ்ஸில்தான் அனுப்புவார்கள். டிவிஷன் ரைட்டர் ரோட்டோரம் நிற்பார். நான் எப்போதும் இடது பக்க ஜன்னலோரம். டிரைவர் வேகத்தைக் குறைப்பார், நிறுத்த மாட்டார். “கண்ணு, புடிச்சுக்கோ!” என்று சத்தம் வரும், நான் எட்டிப் பறித்துக்கொள்வேன். மூடுபனியில் சில நாள் கை மட்டும்தான் தெரியும், கைக்கு உடையவர் தெரிய மாட்டார்.

சீட்டுகள் ஆபீசுக்கு வந்ததும் எங்கள் கூத்து ஆரம்பிக்கும். டிவிஷனுக்கு ஒரு ஃபைல், மொத்தத்துக்கு ஒரு ஃபைல். ஒருத்தி படிப்பாள், ஒருத்தி அடிப்பாள். ஒரு ஃபைலில் அடித்து, அடுத்ததற்குத் தாவி, அங்கே அடித்து, மொத்தத்துக்குப் போய், திரும்ப வந்து, எந்த ஃபைலில் இருக்கிறோம் என்று மறந்து, “ஏம்புள்ள, இது எந்தக் காடு?” என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து. எல்லாம் முடிந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் லாரி எந்த டிவிஷனுக்குப் போவது என்று தெரியும். பழம் பறித்துக் கிடந்தால் புளித்துவிடும், தரம் போய்விடும். மதியத்துக்குள் முடிப்பதே பெரும்பாடு. இருந்தாலும் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது, அதனால் எனக்கு அந்தப் பெரும்பாடு பிடித்திருந்தது.

ஒரு நாள் பௌசியா மெனுவுக்குள் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் செய்வதை எல்லாம் கம்ப்யூட்டர் கவனித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தானே செய்து காட்டுமாம், அதற்குத்தான் மேக்ரோ என்று பேர். தனியாக ஒரு ஷீட்டில், ஒரே பத்தியில், மேலிருந்து கீழாக வார்த்தைகள் இறங்கியிருந்தன. அதில் ஒரு வரி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆக்டிவேட் நெக்ஸ்ட். திறந்திருக்கும் ஃபைல்களில் அடுத்ததற்குப் போ என்று அர்த்தம்.

“பஸ்ஸு மாதிரி புள்ள. அடுத்த ஸ்டாப்பு, அடுத்த ஸ்டாப்புன்னு போயிட்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் அவிங்கவிங்க மூட்டைய எறக்கிட்டுப் போயிரும்” என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். தினமும் அந்தப் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வருகிறவள் நான். வழியில் ஒவ்வொரு சீட்டையும் கையால் பறிக்கிறவள் நான். பஸ் மாதிரி என்ற யோசனை மட்டும், பஸ்ஸில் ஏறாமல் நடந்து வருகிறவளுக்கு எப்படி வந்தது? அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் இது.

சில நாளில் பட்டன் தயாராகிவிட்டது. ஐந்து சீட்டையும் ஒரே பக்கத்தில் வரிசையாக அடித்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் போதும். திரை துள்ளும். ஓடைக்காடு வரும், எண் விழும், மறையும். அடுத்த காடு வரும், எண் விழும், மறையும். சடசடவென்று எல்லாக் காடும் ஓடிக் கடைசியில் மொத்தம் வந்து நிற்கும். திரை துள்ளாமல் உள்ளுக்குள்ளேயே ஓடி முடிக்கவும் வழி இருந்தது. அவள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டாள். “ஓடறது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான புள்ள சந்தோசம்?” என்றாள். அவளுக்குச் சந்தோஷம்.

அந்த ஓட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பெரிய ரைட்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “ஏனுங்க, யாரும் தொடாமயே ஓடுதுங்களா!” என்று லாரி டிரைவர் அண்ணன் வாயைப் பிளந்தார். மேனேஜர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை ஏரி, லேடி சீட், அதற்கப்புறம் பௌசியா என்று வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கும்.

வெறும் கைதட்டலுக்காக மட்டும் நான் எரியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மதியம்வரை இரண்டு பேர் இழுத்த வேலை இப்போது டீ வருவதற்குள் முடிந்தது. மீதி நேரம் இரண்டு பேரும் பீரோவுக்குள் கையைக் காய்ச்சினோம். ஒருத்திக்கு இங்கே வேலையில்லை என்பது மேனேஜருக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒருத்தி யார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. மேக்ரோ எழுதத் தெரிந்தவளை எவனாவது அனுப்புவானா? ராத்திரி படுத்தால் அத்தை மகன் முகம் வந்து நிற்கும்.

இந்த நிலையில் ஒரு நாள் அவள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாள். அன்றைக்கு நான் தனியாக ஓட்டினேன். ஃபைல்களைத் திறந்தேன். எந்த வரிசையில் திறப்பேன்? கையில் சீட்டு இருக்கிற வரிசையில்தானே? என் பஸ் பாறைக்காட்டில் ஆரம்பித்து ஓடைக்காட்டில் முடிகிறது. அப்படியே திறந்தேன். அவள் எழுதியதோ ஏற்காட்டிலிருந்து கிளம்புகிற வரிசை, ஓடைக்காடு முதல் ஸ்டாப். எண்களை அடிக்கிற பக்கத்தில் அவளுடைய வரிசை, ஃபைல்களில் என்னுடைய வரிசை. பட்டனை அமுக்கினேன், அழகாக ஓடியது. ஓடைக்காட்டுப் பழம் பாறைக்காட்டுக் கணக்கில் விழுந்தது, பாறைக்காட்டுடையது ஓடைக்காட்டில். இடையில் இருந்த இரண்டும் அதே மாதிரி மாறிக்கொண்டன. நடுவில் இருந்த பலாக்காடு மட்டும் சரியாக இருந்தது.

லாரி மலைமேல் கடைசி மூலைக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பியது. டிரைவர் அண்ணன் மேசையைத் தட்டினார். “அங்க போனா நாலு மூட்டையுங் காணமுங்க! இங்க கொட்டச்சேட்டுல பழம் மலையாட்டங் கெடந்து புளிச்சு நாறுது. என்னம்மா ஓட்டுனீங்க?”

என் மேல் தப்பு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அவரவர் வீட்டிலிருந்துதான் அவரவர் வழி ஆரம்பிக்கும். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு குளிர்ச்சிகூட இறங்கியது. உங்கள் மேக்ரோ லட்சணம் இதுதான் என்று மேனேஜர் முன்னால் சொல்லப்போகிறேன், வரிசை மாறினால் குழம்பிப்போகிற பொருளை நம்பலாமா சார் என்று கேட்கப்போகிறேன். அடுத்த நாள் பஸ்ஸில் வரும்போதே வசனம் தயார்.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பௌசியா முந்திக்கொண்டாள்.

“தப்பு என்னுதுதானுங்க சார். வரிசைய நம்பி எழுதிட்டேன். அவ ஊர்லருந்து வந்தா வரிசை தலைகீழா வருமுன்னு நான் யோசிக்கவே இல்லீங்க. இன்னைக்கே மாத்தீர்றனுங்க.”

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. தப்பையும் தானே எடுத்துக்கொண்டாள், திருத்துவதையும் தானே எடுத்துக்கொண்டாள். எனக்கு மிச்சம் வைத்தது ஒன்றுமில்லை. அந்தக் குழப்பத்தைச் செய்தவள் நான், அதிலாவது என் பேர் இருந்திருக்க வேண்டாமா? அன்று சாயங்காலத்துக்குள் ஆக்டிவேட் நெக்ஸ்டை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஃபைலையும் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி எழுதிவிட்டாள். “இனிமே எப்புடித் தொறந்தாலும் பரவால்ல புள்ள, பேரச் சொன்னா வந்துரும்” என்றாள். மறுபடியும் கூட்டம் கூடியது.

சீசன் முடிந்தது. மேனேஜர் கூப்பிட்டார். நான் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன், இனி இங்கே சாப்பிடப்போவதில்லை என்று.

“ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்லையேம்மா” என்று இழுத்தார். பிறகு பௌசியாவைப் பார்த்தார். “நீ எழுதிக் குடுத்துட்ட. இனி அது பாட்டுக்கு ஓடிக்கும், ஒரு ஆள் அமுக்குனாப் போதும். சீட்டு வாங்கிட்டு வர்றதுக்குத்தான் ஆள் வேணும். பஸ்ல வர்றது இந்தப் புள்ளதான?”

அவ்வளவுதான். வேலை எனக்கு. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை, என் ஊர் அந்தப் பஸ் ரூட்டில் கடைசியில் இருந்ததால். எழுதிக் கொடுத்தவளை அவள் எழுதியதே வெளியே அனுப்பிவிட்டது. வெளியே வந்து பீரோவுக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவளைத் தோற்கடித்த சந்தோஷம் கிடைக்கவில்லை. பஸ் தோற்கடித்தது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தன் டம்ளரையும் துண்டையும் எடுத்துக்கொண்டாள். “அஞ்சு ஃபைலும் தொறந்திருக்கோணும் புள்ள. ஒண்ணு இல்லீனாலும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு நின்னுரும். மறந்துராத” என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுவாள் என்று பார்த்தேன். என் முன்னால் அழவில்லை.

அதற்கப்புறம் அந்த ஆபீசில் என் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தினமும் காலையில் லாரி டிரைவர் அண்ணன் வாசலில் நின்று, “ஏம்மா, பௌசியா பட்டன் அமுக்கியாச்சா?” என்பார். ஒரு நாள், “அமுக்குனது நானுங்ணா” என்றேன். “சரி கண்ணு, பௌசியா பட்டன்தான?” என்றார். மேனேஜர்கள் மாறினார்கள், கம்ப்யூட்டர்கள் மாறின. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லித் தரும்போது நானே என் வாயால் பௌசியா பட்டன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது, அத்தை மகனோடு இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். பிரசவ லீவில் இருந்த மாதங்களில்கூடப் பட்டன் ஒழுங்காக ஓடியதாம். வேறு யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.

பிறகு காடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஓடைக்காட்டை முதலில் விற்றார்கள். இப்போது அங்கே காட்டேஜ்கள், நீச்சல் குளம், இரவெல்லாம் கலர் விளக்கு. அடுத்து இன்னொன்று. அப்புறம் பலாக்காடு. செல்போன் வந்ததும் சீட்டு நின்றது, ஜன்னலில் நீளும் கையும் நின்றது. ஆனால் பட்டனுக்கு ஐந்து ஃபைலும் வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் நின்றுவிடும். அதனால் விற்றுப்போன காடுகளையும் தினமும் காலையில் திறந்து வைத்து, எண்ணுக்குப் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரிகளை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எடுக்கத் தெரிந்திருந்தால் நான் எதற்கு இத்தனை வருடம் எரிந்துகொண்டிருக்கிறேன்?

போன வாரம் மஞ்சள் பட்டை வந்த அன்று, மதியம் குடையை மறந்துவிட்டுக் கிளம்பி பௌசியா கடைக்குப் போனேன். ஒரே சிற்றூர், எதிரெதிரே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம், சிரித்திருக்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததே இல்லை. கடை இப்போது இரண்டு மடங்கு. ஸ்வெட்டர், மிளகு, காப்பித்தூள், டூரிஸ்ட் கூட்டம். கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கையில் அதே மாதிரிக் கண்ணாடி வளையல்.

“அட, வா புள்ள! நனைஞ்சுட்டு வர்றயே. இந்தா, தலையத் தொவட்டு” என்று துண்டை நீட்டினாள்.

“உன்ற மேக்ரோ நின்னு போச்சு” என்றேன்.

“என்னது நின்னு போச்சு?”

“மேக்ரோ. பட்டன். ஆபீஸ்ல நீ எழுதுனது.”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். “நான் என்ன எழுதுனேன்?”

நான் சொன்னேன். ஐந்து ஃபைல், ஓடைக்காடு, பாறைக்காடு, திரை துள்ளுவது, விருந்தாளிகள், புளித்த பழம். அடுத்த ஸ்டாப்பு, அடுத்த ஸ்டாப்பு என்று நீதானே சொன்னாய் என்று அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். கடைக்கு வந்த ஒரு டூரிஸ்ட் அம்மா ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பௌசியா சிரித்தாள். “அப்புடியா சொன்னேன்? நல்லாத்தான் சொல்லியிருக்கறேன். எனக்குச் சுத்தமா ஞாபகமில்ல புள்ள. பீரோவுக்குள்ள பல்பு எரியுமல்ல, அது ஞாபகம் இருக்குது. கை காச்சுவமே.”

“வேலை போனன்னைக்கு ஊட்டுக்குப் போயி அழுதியா?” கேட்டேவிட்டேன்.

“எதுக்கு அழுவறேன்? அன்னைக்கு சாயங்காலமே அத்தா கடைச் சாவியக் கையில குடுத்துட்டாங்க. அப்பப் புடிச்சது, இன்னும் விடல.” ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். “நீ இன்னும் அங்கயேதான் இருக்கறயா?”

இருக்கிறேன் என்று தலையாட்டினேன். துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது.

இத்தனை வருடமும் அவளுடைய மூளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், கைதட்டலுக்குப் பொறாமைப்பட்டேன், தப்பை எடுத்துக்கொண்ட பெருந்தன்மைக்குக்கூடப் பொறாமைப்பட்டேன். இதெல்லாம் சில்லறை. அவள் மறந்துவிட்டாள். இப்போது பொறாமை அதற்குத்தான். மறக்க எனக்கும் ஆசைதான். தினமும் காலையில் அவளை அமுக்கிவிட்டுத்தானே நான் டீ குடித்தேன், எப்படி மறப்பேன்?

ஆபீசுக்குத் திரும்பி வந்தேன். யாருமில்லை. புதுக் கம்ப்யூட்டரில் ஃபைல்களை மறுபடி திறந்தேன். பாறைக்காட்டில் ஆரம்பித்து, என் பஸ் வரிசையில். பிறகு அடுத்த ஃபைலுக்குத் தாவ, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஃப் ஆறைத் தட்டினேன். பாறைக்காடு வந்தது, எண்ணை அடித்தேன். இன்னொரு தட்டு. அடுத்த காடு. பலாக்காட்டுக்கு வந்து பூஜ்யம் போட்டேன். அதற்கடுத்ததற்கும் பூஜ்யம். ஓடைக்காட்டுக்கும் பூஜ்யம். இன்னொரு தட்டில் மொத்தம் வந்து நின்றது. திரை துள்ளவில்லை, நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். சேலத்துப் பெண் அடுத்த வாரம் எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போட்டு அனுப்புகிறாளாம். அதில் விற்ற காடுகள் இருக்காது. இதிலிருந்து அதற்குத் தாவுகிற வேலையும் இருக்காது.

முடித்துவிட்டு வாசலைப் பார்த்தேன். டிரைவர் அண்ணன் காலமாகி வருடங்கள் ஆகின்றன. அவர் மட்டும் அங்கே நின்று, பௌசியா பட்டன் அமுக்கியாச்சா என்று கேட்டிருந்தால், இல்லீங்ணா, இன்னைக்கு நானே ஓட்டுனனுங்க என்று சொல்லியிருப்பேன்.